‘இதுவரை’ என்று ஒரு வார்த்தை

டேட்டன், ஒஹாயோ
அக்டோபர் 12, ஞாயிறு

அன்புள்ள யாழினி கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் பேஸ்பால் கிளப் புதிதாக எடுத்த பையனைப் பற்றி, "அந்தப் பையன் தேறமாட்டான்மா, ரெண்டாவது ரவுண்டு வீணாப்போச்சு" என்று சொன்னாய். அடுத்த மூச்சிலேயே, பச்சரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டாய். நானும் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தத் ‘தேறமாட்டான்’ திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. போனில் சொன்னால் கோர்வையாக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வேலையைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஒரு பேஸ்பால் கிளப்பின் ஆபீஸில் நம் வீட்டுப் பெண் உட்கார்ந்து, கிளப்புகள் முறைவைத்து ரவுண்டு ரவுண்டாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற ஜூலை டிராஃப்டில் வந்த பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறாள் என்பதைக் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. புள்ளியியல் படித்தவள் நீ, எண்களைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையன் ஆடியது 23 ஆட்டம் என்று நீதான் சொன்னாய். 80 முறை மட்டை பிடித்து 16 ஹிட், அதாவது அடித்துவிட்டு பேஸ் சேர்ந்தது 16 தடவை. சராசரி .200. அன்று ராத்திரியே அடுப்படிக் காலண்டரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். நாலே நாலு பந்து, ஃபீல்டர் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் 20 ஹிட், சராசரி .250. அப்போது நீ என்ன சொல்லியிருப்பாய்? "பரவாயில்லைமா, நல்லா ஆரம்பிச்சிருக்கான்" என்றுதானே?

அவன் எங்கிருந்து வந்தான் என்பதையும் கொஞ்சம் பார். பிப்ரவரியில் தொடங்கின கல்லூரி சீசனை முடித்துவிட்டு நேரே வந்திருக்கிறான். அங்கே வாரத்துக்கு நாலு ஆட்டம், இங்கே ஆறு நாள் ஆட்டம், திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. அங்கே கையில் இருந்தது அலுமினிய மட்டை. கைப்பிடி ஓரத்தில் பட்டால்கூடப் பந்து பறக்கும். இங்கே மரமட்டை. அதே இடத்தில் பட்டால் மட்டை இரண்டாக உடையும், பந்து, அதைப் போட்ட பிட்சர் காலடியிலேயே உருளும். அப்புறம், எதிரே நிற்கிற பிட்சர்கள் ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் முதல் ஆள். இத்தனையும் ஒரே மாதத்தில்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம் பக்கத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாற்பது வருஷம் நெல் போட்ட உன் தாத்தா அதை ஒருநாளும் சொன்னதில்லை. நாற்றங்காலில் கரும்பச்சையாக நிற்கிற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால், ஒரு வாரம் வெளுத்துத் தலை சாய்ந்துதான் நிற்கும். புதிதாக வந்து பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். தாத்தா வரப்பில் உட்கார்ந்து, "வேர் பிடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்பார். நீ பார்த்த 23 ஆட்டம் அந்த வெளுத்த வாரம்தான்.

டெரெக் ஜீட்டர் கதை உனக்குத் தெரியாததல்ல. நான் அதை அவருடைய அம்மா பக்கத்திலிருந்து நினைக்கிறேன். 1992 டிராஃப்டில் நியூயார்க் யாங்கீஸ் கிளப் அவரை 6ஆவது ஆளாக எடுத்தது. 18 வயது, மிஷிகனில் கலமஸூவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போனார். முதல் நாள் இரண்டு ஆட்டம், ஏழு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட இல்லை, ஐந்து ஸ்ட்ரைக் அவுட். அந்தக் கோடையில், புதுமுகங்கள் ஆடுகிற ரூக்கி லீகில் சராசரி .202. ராத்திரி ஆனால் வீட்டுக்குப் போன் போட்டு அழுகை. அடுத்த வருஷம் கிரீன்ஸ்போரோ டீமில், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் பந்தைத் தடுக்கிற ஷார்ட்ஸ்டாப்பாக நின்று 56 தவறு. ஐம்பத்தாறு! அந்தப் போனின் மறுமுனையில் இருந்த அப்பா அம்மா என்ன சொல்லித் தேற்றியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நீ அரிசோனா போன முதல் மாதம் நானும் அந்த மறுமுனையில் இருந்தவள்தானே. அதே ஜீட்டர் பிறகு 3,465 ஹிட் அடித்தார். பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போட்ட 397 பேரில் 396 பேர் அவருக்குப் போட்டார்கள். 1992 செப்டம்பரில் யாராவது ஒருவர் ‘தேறமாட்டான்’ என்று எழுதி முடித்திருந்தால், கையில் இருந்த எண்ணை வைத்து, எழுதினவரைத் தப்பென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதிகம் வேண்டாம், சின்சினாட்டி ரெட்ஸ் கிளப் தன் இளம் பிள்ளைகளை ஆடவிட்டு வளர்க்கிற நம் டேட்டன் மைதானத்தையே எடுத்துக்கொள். 2018இல் ஹண்டர் கிரீனைப் பார்க்க நாம் மூன்று பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏப்ரல் குளிரில் உட்கார்ந்திருந்தோமே. முந்தின வருஷ டிராஃப்டில் இரண்டாவது ஆள், 72 லட்சம் டாலருக்கு மேல் போனஸ், மணிக்கு 100 மைல் வேகத்தில் பந்து போடுகிற பிட்சர். அந்தப் பிள்ளைக்கு அப்போது 18 வயது. முதல் சில ஆட்டங்களில் அவன் பந்துக்குச் செம அடி. பின்னால் இருந்தவர் "காசு போச்சு" என்று சத்தமாகவே சொன்னார், நீ திரும்பி முறைத்தாய். அந்த சீசன் 3 வெற்றி, 7 தோல்வியில் முடிந்தது, அப்புறம் முழங்கையில் ஆபரேஷன். 2022இல் ரெட்ஸுக்கு வந்து தன் இரண்டாவது ஆட்டத்திலேயே 100 மைலைத் தொட்ட பந்து 39 போட்டான், 2024இல் ஆல் ஸ்டார், அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவன். சரி, கிரீன் இங்கே ஆடியதற்கு இரண்டு வருஷம் முன்னால் நிக் சென்ஸெல். அவனும் இரண்டாவது ஆளாக வந்தவன்தான். 2016 கோடையில் இங்கே .329 அடித்தான். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. உன் அப்பா அவன் பெயர் போட்ட சட்டை வாங்கினார். பிறகு தலைசுற்றல் நோய், விரல் முறிவு, ஒன்று மாற்றி ஒன்று. 2023 நவம்பரில் ரெட்ஸ் அவனை விட்டுவிட்டது. அப்பா அந்தச் சட்டையை இன்னும் தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்கிறார், கழற்ற மனசில்லை. பில்லி ஹாமில்டன் 2011இல் இங்கே ஒரே சீசனில் 103 பேஸ் திருடினான், அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தான். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி! மேஜர் லீக் என்கிற பெரிய லீகிலும் ஓட்டம் ஓட்டமாகத்தான் இருந்தது, ஆனால் மட்டை கைகொடுக்கவில்லை. முதல் பேஸுக்கு வந்தால்தானே இரண்டாவதைத் திருட முடியும்.

ஜோயி வோட்டோ நாம் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய ஆள். பக்கத்து சீட்டுப் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2003இல் இங்கே சோபிக்காமல், கீழே மொன்டானாவில் பில்லிங்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் இதே மைதானத்துக்குத் திரும்பி வந்து அடித்துக் காட்டினான். 2010இல் நேஷனல் லீகின் எம்விபி, அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரன்.

பிட்சர் குமார் ராக்கரை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பட்டியலை விடுகிறேன். அம்மா வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் நம் மளிகைக் கடையில்கூட ‘நம்ம குமார்’தான். 2021இல் மெட்ஸ் கிளப் 10ஆவது ஆளாக எடுத்து, உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருஷம் ரேஞ்சர்ஸ் கிளப் அதே பையனை 3ஆவதாக எடுத்தது. நடுவில் ஆபரேஷன்கள். 2024 செப்டம்பரில் பெரிய லீகில் முதல் பந்தைப் போட்டான். அவன் கதை இன்னும் பாதியில்தான் இருக்கிறது.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

டேட்டனுக்கு வருவதற்கு முன் நாம் இருந்த ஊரிலும் ஒரு சின்ன லீக் டீம் இருந்தது. நீ இரண்டாம் வகுப்பு. நம் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் நாலு பையன்கள் தங்கியிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? காற்றடைத்த மெத்தைதான் படுக்கை, நாற்காலிகூடக் கிடையாது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலர் சம்பளம், அதுவும் சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். அதில் நெட்டையாக ஒரு பையன் உனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தானே, அவன் பிட்சர். பின்வரிசை ரவுண்டில் எடுத்தவன். கைக்கு வந்த போனஸ் ஒரு பழைய கார் வாங்கக்கூடப் போதாது என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நம் வீட்டு உருளைக்கிழங்குப் பொரியலுக்கு உயிரை விடுவான். தயிர்சாதத்தை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் தானே டப்பாவோடு வந்து நின்றான்.

ஜூன் மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரைக்குக் கதவைத் தட்டினான். ஐஸ் இருக்கிறதா என்று கேட்டான். ஐஸ் தீர்ந்திருந்தது, உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து முழங்கையின் உள்பக்கம் அதை வைத்து அழுத்தினான். முகம் வெளிறிப்போயிருந்தது. டீம் டாக்டரிடம் சொல்லலாமே என்றேன். தலையை ஆட்டினான். "என்னை மாதிரி ஆளுக்கு அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்" என்றான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். மூன்று வாரம் அந்தப் பட்டாணிப் பாக்கெட் ஃப்ரீசருக்கும் மேஜைக்குமாக நடந்தது. அந்த மூன்று வாரமும் அவன் பந்தை அடிக்காத ஆள் இல்லை. ஜூலையில் ஒருநாள் காலை, பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து நம் டப்பாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனை விட்டுவிட்டார்கள்.

அவனைப் பற்றி ஆபீஸில் எழுதினவர்களுக்குப் பந்தின் வேகம் குறைந்தது தெரிந்திருக்கும். பட்டாணிப் பாக்கெட் தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன். அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது கண்ணு.

யாரையும் எடைபோடாதே என்று நான் சொல்லவில்லை. ஒரு கிளப் இத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு இருக்கிறது. 180 ஆக இருந்தது இப்போது 165 ஆகிவிட்டது. ஒவ்வொரு ஜூலையும் இருபது பேர் உள்ளே வந்தால் இருபது பேர் வெளியே போயாக வேண்டும். யாரோ ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும், நீ எழுதுவதே எனக்கு நிம்மதி. ஆனால் லட்சங்கள் கொடுத்து எடுத்த பிள்ளைக்கு நாலு வருஷம் பொறுப்பார்கள். பின்வரிசையில் வந்தவனுக்கு உன் குறிப்பின் ஒரு வரிதான் ஆயுள். அதனால் அந்த வரியை எழுதுமுன் அவன் வயதைப் பார். பயிற்சியாளர்கள் இந்த மாதம் அவன் மட்டை வீச்சில் எதை மாற்றச் சொன்னார்கள் என்று கேள். பிட்சராக இருந்தால், எந்தப் பந்தைப் போட்டுப் பழகச் சொல்லி அடிவாங்க விட்டார்கள் என்று கேள். அடிக்கத் தேவையில்லாத, ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகிற பந்தைத் துரத்துகிறானா, விட்டுவிடுகிறானா, மட்டையில் பட்ட பந்து எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதெல்லாம் உன்னிடம் இருக்கும், அவை சராசரியைவிடச் சீக்கிரம் உண்மை பேசும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்புறம் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒருநாள் மைதானத்துக்கே போய், அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, எங்காவது வலிக்கிறதா என்று பார். இத்தனைக்கும் பிறகு அடிக்கவில்லை என்றால் ‘இதுவரை அடிக்கவில்லை’ என்று எழுது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

தீபாவளிக்கு லீவு கிடையாது என்றாய். அதிரசமும் பருப்புப் பொடியும் நேற்றே பார்சல் போட்டுவிட்டோம், வியாழனுக்குள் வந்துவிடும். அதிரசத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

அந்த இரண்டாவது ரவுண்டுப் பையனின் சட்டை நம்பர் என்ன? அடுத்த வருஷம் அவன் டீம் டேட்டனுக்கு ஆட வந்தால் மெசேஜ் போடு. மூன்றாவது பேஸ் பக்கம்தான் நம் சீட்டு. நானே போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உருளைக்கிழங்கு சாப்பிடுவானா என்றும் கேட்டு வை.

அன்புடன்,
அம்மா