குற்றவாளியா, சுற்றவாளியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் ஓர் ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபடுகிறவர்களின் லைசனைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது, அவர்களுக்கு வழக்குப் பேச இடமும் கொடுக்கக் கூடாது என்று. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன்தான். ஆனால் "வழக்குப் பேச இடம் கொடுக்கக் கூடாது" என்ற வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அந்த இடம் எனக்குக் கிடைக்காமல் போயிருந்தால் இன்றைக்குக் கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன்.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். பதினாறு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு ஒரு கிளாஸ் எடுத்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எடுத்த நாளில் சாவியைத் தொட்டதில்லை. இந்த மலைப்பாதையில் ஒரு வாகனம் தடம் மாறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைப் பாதையில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்த அன்று எங்கள் தரிப்பிடத்தில் ஒருவரும் ஹயர் போகவில்லை. அது குடியால் நடந்த விபத்து இல்லை. ஆனாலும் அந்தப் பாதையில் குடித்தவன் ஒருவன் வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு கிழமையாகவே எனக்குச் சளி, இருமல். காலையில் வண்டியை எடுக்கப் போகும்போது அம்மா கூப்பிட்டு, தனக்கு வாங்கி வைத்திருந்த தசமூலாரிஷ்டத்தில் இரண்டு மூடி ஊற்றித் தந்தார். தண்ணீர் கலக்காமல் அப்படியே குடித்தேன். அரிஷ்டம் என்பது புளிக்க வைத்துச் செய்கிற மருந்து, அதில் இயற்கையாகவே மதுசாரம் உண்டு என்பது அப்போது என் மனதில் ஓடவே இல்லை. அம்மா தந்தார், குடித்தேன், அவ்வளவுதான். கோவிலுக்குக் கீழே உள்ள வளைவில் பொலிஸார் மறித்தார்கள். வீட்டிலிருந்து அங்கே பத்து நிமிடம்கூட ஆகாது. நேரம் காலை 6.30. வண்டியில் யாரும் இல்லை. முதல் பிள்ளையை ஏற்ற இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

கண்ணாடியை இறக்கி ஒரு தடவை இருமினேன். உடனே பலூனைக் கொண்டுவந்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குழாய், உள்ளே மஞ்சள் பொடி, நடுவில் ஒரு கோடு, மறுபக்கம் பலூன். ஊதிப் பலூனை நிரப்பினால் மதுசாரம் பட்ட இடத்தில் பொடி பச்சையாக மாறும். பச்சை அந்தக் கோட்டைத் தாண்டினால் குற்றம். சட்டத்தில் உள்ள அளவு 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று பிறகு நீதிமன்றத்தில்தான் கேட்டேன். என் குழாயில் பச்சை கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொட்டதா, தாண்டியதா? அடர்ந்த பனிமூட்டம், மங்கலாக இருந்தது, டோர்ச் வெளிச்சம். "தாண்டிவிட்டது" என்று அதிகாரி சொன்னார். "பெஹெத், சேர், பெஹெத்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மருந்து என்ற சிங்களச் சொல் அது ஒன்றுதான் அந்த நேரம் வாயில் வந்தது. அவர் சிரித்தார். பிடிபடுகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

நிலையத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் முக்கால் பக்கம் சிங்களத்தில் எழுதினார்கள். நான் சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஒரு தடவை வேகமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வை என்றார்கள். வைத்தேன். ஆசிரியர் அவர்களே, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அதுதான். அரிஷ்டம் குடித்ததுகூட இல்லை.

அப்போது அங்கே ஓர் இளம் கொன்ஸ்டபிள் இருந்தார். சிங்களவர், நல்லாகத் தமிழ் பேசினார். மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, நீங்க குடிக்கல்லன்னா டொக்டர்கிட்ட காட்டச் சொல்லிக் கேளுங்க. கேட்டா கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார். நான் கேட்டேன். முதலில் தேவையில்லை என்றார்கள். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். 9.05க்கு அரசாங்க வைத்தியர் முன்னால் நின்றேன். அவர் என்னை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், மூச்சை முகர்ந்தார், எத்தனை மணிக்கு என்ன குடித்தேன் என்று தமிழிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். மது வாடை இல்லை, மதுவின் பாதிப்பில் இல்லை. அந்தப் படிவத்தில் இரண்டே வரி. அந்தக் கொன்ஸ்டபிள் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வரியும் இருந்திருக்காது.

அன்று பின்னேரம் பொலிஸ் பிணையில் வெளியே வந்தேன். லைசன் அவர்களிடம் தங்கிவிட்டது.

நீதிமன்றத்துக்குப் போன நாளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். காலையில் நடைபாதையில் என்னைப் போல பதினொரு பேர் நின்றோம். ஆட்டோக்காரர், லொறிக்காரர், மோட்டார் சைக்கிள் பையன்கள், கோட் போட்ட ஒரு பெரியவர். கறுப்புக் கோட்டு இல்லாத, ஆனால் எல்லா அலுவலும் தெரிந்த ஓர் ஆள் எங்களிடையே வந்து, "ஒத்துக்குங்க தம்பி. 25,000 கட்டினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம். இல்லன்னா வருஷக்கணக்கா அலையணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. குறைந்தபட்ச அபராதம் 25,000தான். அலைச்சலும் உண்மைதான். ஆனால் அபராதத்தோடு லைசனும் இடைநிறுத்தப்படும் என்பதை அவர் சொல்லவில்லை.

உள்ளே ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. குற்றப்பத்திரிகையைச் சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் தமிழில் சொல்லவில்லை. "குடிச்சிட்டு ஓட்டியிருக்கீங்க, குற்றவாளியா, சுற்றவாளியா?" அவ்வளவுதான். இந்த "சுற்றவாளி" என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? குற்றமற்றவன் என்று அர்த்தம். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்க வேண்டும். விழித்தான், பிறகு "ஆமா சேர்" என்றான். எதற்கு ஆமா என்று யாரும் கேட்கவில்லை. அபராதம் கட்டச் சொல்லி, லைசனை ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தினார்கள். அவன் குடித்திருந்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

நான் "சுற்றவாளி" என்றேன். குரல் நடுங்கியது. நீதவான் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம், ஒன்பது தவணை, அதாவது வழக்குக்குக் கூப்பிட்ட ஒன்பது நாள். இரண்டு தவணைக்கு அதிகாரி வரவில்லை. ஒரு தவணைக்கு லோயருக்குக் காய்ச்சல். தவணைக்கு 5,000 ரூபாய் லோயருக்கு. என் மனைவி கொழுந்து பறிக்கிறவர், அப்போது நாள் சம்பளம் 1,350. பிடித்தம் ஒன்றும் இல்லை என்று வைத்தாலும் நான்கு நாள் கொழுந்து ஒரு தவணைக்குப் போனது. ஐந்து மாதம் லைசன் கையில் இல்லை. லீசிங்காரர் வாசலில் வந்து நின்றார். நான் ஏற்றிப்போன ஆறு பிள்ளைகளின் பெற்றோரும் வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து அழுதுகொண்டு வந்து, "உங்கப்பா குடிகாரன்னு சொல்றாங்க" என்று சொன்ன பின்னேரம் இன்னும் என் தொண்டைக்குள் நிற்கிறது.

விளக்கத்தில், அதாவது சாட்சிகளை விசாரிக்கும்போது, என் வாக்குமூலத்தை வாசித்தபோதுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. முந்தைய இரவு நண்பர்களோடு சாராயம் அருந்தியதாக நானே சொல்லியிருக்கிறேனாம். முந்தைய இரவு நான் இருமலோடு போர்வைக்குள் கிடந்தேன். இதை எந்த மொழியில் சொன்னார் என்று லோயர் கேட்டார். சிங்களத்தில் என்றார் அதிகாரி. வாசித்துப் பார்க்கக் கொடுத்தீர்களா என்று கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றார் அதிகாரியே. பிறகு வைத்தியர் வந்தார். வாயில் தங்கிய மதுசாரம் பலூனில் காட்டும், அது ஏறக்குறைய 15 நிமிடத்தில் போய்விடும் என்றார். ஆனால் இரத்தத்தில் ஏறிய மதுசாரம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 15, 20 மில்லிகிராம்தான் குறையும். ஆறரைக்கு 80க்கு மேல் இருந்தவனிடம் ஒன்பது மணிக்கு ஒன்றுமே இல்லாமல் போகாது என்றார். கடைசித் தவணையில் என்னை விடுதலை செய்தார்கள்.

அந்தக் கணக்கை எங்கள் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் சொன்னேன், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. இரவு ஒரு மணி வரை நன்றாகக் குடித்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் குளித்து, தேசிக்காய் பிழிந்து குடித்து, ஐந்து மணிக்கு முதல் ஹயருக்குப் போகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். தெளிந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். குளியலும் தேசிக்காயும் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைக்காது. அப்படிப் பிடிபடுகிறவருக்கு லைசன் போனால் நான் அனுதாபப்படமாட்டேன். என் மச்சானுக்கு 2022இல் அப்படித்தான் போனது. அவர் குடித்திருந்தார். தண்டனை சரி. ஆனால் ஒத்துக்கொள்ளும்போது லைசனும் போகும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. நீதிமன்ற வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

லோயர் எனக்கு ஒன்று சொன்னார். விளக்கம் நடந்து தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நாமே குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவைத் திறப்பது மிகக் கஷ்டம். அந்த இரண்டு நிமிடத்தில் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாரம். அந்தச் சொல் என்ன என்பதையாவது ஒரு மனுசனுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டாமா? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நீதிமன்றத்தில் நடப்பது புரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். முழுக் குற்றச்சாட்டையும் தமிழில் சொல்ல இன்னும் மூன்று நிமிடம் போதும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுத ஆள் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன் என்று இன்னொருவர் பெயரோடு கையொப்பம் வைக்கட்டும். பலூன் ஊதிய நேரத்தையும், பச்சை எங்கே நின்றது என்பதையும் அந்த இடத்திலேயே எழுதி, ஊதியவனுக்கும் காட்டட்டும். வைத்தியரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பதை நிலையச் சுவரில் இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதி ஒட்டட்டும். ஓர் இளம் கொன்ஸ்டபிளின் நல்ல மனதை நம்பி இதெல்லாம் இருக்கக் கூடாது.

சாரதித் தம்பிமாருக்கு ஒன்று. பணம் இல்லை என்பதற்காக ஒத்துக்கொள்ளாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. என் வழக்கு முடிந்த பிறகுதான் நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டேன். முன்பே போய்க் கேட்டிருந்தால் மனைவியின் காதுத்தோடு அடகுக்குப் போயிருக்காது. வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் கேட்டால், "எனக்கு வாசிக்கத் தெரியாது, தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மூன்று தடவை கேட்க வேண்டி வந்தாலும் கேளுங்கள்.

அந்த ஆசிரியையிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் காலை எங்கள் நீதிமன்றத்துக்கு வந்து பின்வரிசையில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பாருங்கள். உங்களிடம் படித்த பையன் ஒருவன்கூட அந்தக் கூண்டில் நின்று எதற்கு என்று தெரியாமல் "ஆமா சேர்" என்று சொல்லக்கூடும்.

விடுதலையான செய்தி கேட்டு ஆறு பிள்ளைகளில் மூன்று பேர் என் வண்டிக்குத் திரும்பி வந்தார்கள். மற்ற மூன்று வீட்டுக்கும் தீர்ப்பின் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அது சிங்களத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று நானே சொல்லித்தான் அவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள்.)