எங்கள் பிள்ளைகளுக்காக நின்ற உங்கள் எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த நல்ல உள்ளங்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் சேகரத்து, அதாவது ஒரே போதகரின் கீழுள்ள நம் சபைகளின், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மே மாத முகாம் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்போடு அறிவிப்பாக ஒரு வரி நன்றி சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் செய்த உதவி எந்தப் பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பெற்றோருக்கு. பள்ளி திறக்கும் முன்பே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும் காலம் இது. டியூஷனை விட்டுவிட்டு அனுப்பலாமா என்று தயங்கினீர்கள், பிறகு துணிந்து அனுப்பினீர்கள். மார்க்கை வைத்துத்தான் எல்லோரும் தன்னை மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, வீட்டில் எடுத்த அந்த ஒரு முடிவே பெரிய பாடம். நாங்கள் நடத்திய பாடங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிட்ட தாளாளர் ஐயாவுக்கும், கிணற்று மோட்டார் மக்கர் பண்ணிய இரவில் டார்ச்சோடு வந்து நின்ற காவலாளி அண்ணனுக்கும் நன்றி. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து, சபை விருந்தான அசனத்துக்கு எடுக்கிற அண்டாக்களை இறக்கி, விடியுமுன்னே அடுப்பு மூட்டினீர்கள். பந்தியில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ ராசா" என்று நீங்கள் சொன்னதை, விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன் சாட்சி நேரத்தில் எழுந்து சொன்னான். வேன் ஓட்டி வந்த பாய், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு, "பிள்ளைங்க சாமி கும்பிடப் போகுது, இதுல என்ன லாபம் பார்க்கிறது" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கேள்விப் பெட்டி வைக்கலாம் என்று சொன்னது நம் சபைப் போதகர் ஐயரவர்கள். பெயர் எழுதாமல் யாரும் எதையும் கேட்கலாம் என்றார். வந்து விழுந்த சீட்டுகளைப் பிரித்தபோது எங்களுக்கே நெஞ்சு கனத்தது. "ஜெபித்தும் அப்பா குடியை விடவில்லையே, ஏன்?" "நீட் கிடைக்கவில்லை என்றால் கடவுள் என்னைக் கைவிட்டார் என்றுதானே அர்த்தம்?" இன்னொரு சீட்டில் இப்படி இருந்தது: "ஒவ்வொரு முகாமிலும் அழுது ஒப்புக்கொடுக்கிறேன். வீட்டுக்குப் போய் ரெண்டு வாரத்தில் எல்லாம் வடிந்துவிடுகிறது. அப்போ என் விசுவாசம் பொய்யா?"

ஐயரவர்களே, எந்தக் கேள்வியையும் நீங்கள் அதட்டி அடக்கவில்லை. முதல் கேள்விக்கு, "எனக்கும் தெரியவில்லை, தம்பி. ஆனால் உன்னோடு சேர்ந்து ஜெபிப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பெரிய பையன்கள் அப்போதுதான் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

அந்த ரெண்டு வாரக் கேள்விக்குப் பதில் சொன்னவர், மிஷன் ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நம் சிஸ்டர் அம்மா. "ராத்திரி டியூட்டியில் எத்தனையோ வருஷம் எந்த உணர்ச்சியும் இல்லாமல்தான் சங்கீதம் வாசித்தேன். நாடித் துடிப்பு உன் காதுக்குக் கேட்கவில்லை என்பதால் இருதயம் நின்றுவிட்டதா, மகளே?" என்றீர்கள். 88-ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொல்லி வாசிக்க வைத்தீர்கள். கடைசி வரி வரைக்கும் ஆறுதல் இல்லாமல், தனிமையிலேயே முடிகிற ஜெபம் அது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்பதைப் பல பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள். அம்மா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. முகாம் என்றால் ஒலிபெருக்கியும் கைதட்டலும் கண்ணீரும் இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அவை இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும். ஆனால் முகாம் முடிந்து வருகிற சாதாரண திங்கட்கிழமையில் விசுவாசத்தோடு எப்படி வாழ்வது என்பதை, அப்படி வாழ்ந்து காட்டிய ஒருவர் வாயிலிருந்துதான் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது.

எமி கார்மைக்கேல் அம்மையார் மிஷனெரியாக இருந்து பிள்ளைகளை எடுத்து வளர்த்த டோனாவூருக்குப் போய்வர ஏற்பாடு செய்த அண்ணனுக்கும், வழியெல்லாம் கதை சொல்லி வந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் சாருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சார், எமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் படத்தில் இருக்கிற புனிதவதியாகக் காட்டவில்லை. அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1951-இல் மரிக்கும் வரை ஒருமுறைகூட ஊர் திரும்பாதவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி படுக்கையோடு இருந்தவர். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள். இதைக் கேட்டதும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இவ்வளவு வருஷம் படுக்கையில் கிடந்து அவங்க சந்தோஷமா இருந்தாங்களா சார்?" என்று கேட்டாள். நீங்கள் சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. வலியோடுதான் இருந்தார், அந்தப் படுக்கையிலிருந்தே எழுதிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் பிள்ளைகளை விசாரித்துக்கொண்டும் இருந்தார் என்றீர்கள். பவுல் காவலில் இருந்தபடி பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை எடுத்து, "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்ற வரியை அவளையே வாசிக்கச் சொன்னீர்கள். பவுலுக்கும் அது ஒரே ராத்திரியில் வந்துவிடவில்லை என்று நீங்கள் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

திரும்பி வரும்போது பேராயர் அசரியாவைப் பற்றிச் சொன்னீர்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமத்துப் போதகர் வீட்டில் பிறந்தவர். முப்பது வயதுகூட ஆகாத நாளில், 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றார். நம் ஊர் ஜனங்களின் காணிக்கையால், நம் ஊர் ஊழியர்களை அனுப்புகிற சங்கம் அது. பிறகு தாமே தெலுங்கு நாட்டுக்குப் போய் அந்தப் பாஷையைக் கற்று ஊழியம் செய்தார், 1912-இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நம் வேன் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி. "இவர் நம்ம பக்கத்து ஆளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இவ்வளவு அருகில் இருக்கிற இந்தச் சரித்திரத்தை ஓய்வுநாள் பள்ளியில் நாம் இன்னும் நிறையச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகளின் கைப்பேசிகளைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஓடிவந்து கொடுத்த ஐயரம்மாவுக்கு நன்றி. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி. எந்தப் பிள்ளைக்கு யார் கட்டினார்கள் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இனியும் தெரியாது.

பெட்டியில் இன்னும் வாசிக்காத சீட்டுகள் மீதி இருக்கின்றன. ஜூன் தொடங்கி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் ஆலய வளாகத்தில் பிள்ளைகள் கூடுவார்கள். சிஸ்டர் அம்மாவும் சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீட் முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக இப்போதே ஜெபியுங்கள். முடிவு வருகிற அன்று, உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மார்க்கைக் கேட்காமல் ஒரு எட்டு அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்.

கர்த்தருடைய பணியில்,
சேகர வாலிபர் ஐக்கியத்தின் சார்பில்,
முகாம் பொறுப்பாளர்