கணக்கை விட்டுவிடவும் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (பொறியியல் மாணவர்கள் எழுதும் கேட் (GATE) வேறு, எங்கள் தெருவில் பாதிப் பேர் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.) எந்தப் புத்தகம் வாங்குவது, எத்தனை சூத்திரம் மனப்பாடம் செய்வது, நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவது என்று எல்லாம் இருந்தது. எதை எழுதாமல் விடுவது என்பது மட்டும் இல்லை. குடியாத்தத்தில் 34 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ‘எதையும் விடாதே, தெரிந்த வரைக்கும் எழுது, படிக்குப் படி மதிப்பெண் உண்டு’ என்று அப்பாக்களுக்கும், பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த அதே வாயால்தான் இதைச் சொல்கிறேன்.

என் தங்கை மகள், லத்தேரி வழி பஸ்ஸில் தினமும் வேலூருக்குப் போய்வந்து பி.காம். முடித்தவள். அவள் அப்பா லுங்கி நெய்கிறவர். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி மிதிக்கவேண்டும். கவனிக்காமல் மேலே நெய்தால் துணி கெட்டது. ஆக, வீட்டிலும் விடாதே, மாமன் வீட்டிலும் விடாதே. கேட் தேர்வுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்திலோ ஐந்து தடிப் புத்தகங்களைக் கொடுத்து, ஒரு கணக்கு பாக்கியில்லாமல் போட்டுமுடி என்றார்கள்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் எழுதவேண்டியதில்லை. மின்சாரமும் போய்விட்டது. என் வீட்டுக் கூடத்தில் கணக்குப் பகுதியை மட்டும் மாதிரித் தேர்வாக எழுத உட்கார்ந்தாள். 22 கேள்வி, 40 நிமிடம். சரியானால் 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். “நீங்களும் எழுதுங்கள் மாமா” என்றாள். வாத்தியார் என்ற திமிர் இருக்கிறதே, நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 1/x + 1/y = 1/12 என்ற சமன்பாட்டுக்கு x, y இரண்டும் மிகை முழு எண்களாக எத்தனை விடைச் சோடிகள் உண்டு என்பது கேள்வி. 13ஐப் போட்டுப் பார்த்தேன், 156 வந்தது. 14க்கு 84. 15க்கு 60. ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டு 24 வரை வந்து, இடம் மாற்றி எண்ணி, 13 சோடி என்று எழுதி நிமிர்ந்தபோது 11 நிமிடம் போயிருந்தது. விடை 15. நடுவில் 21ஐத் தவறவிட்டிருக்கிறேன்; அதற்கு 28 துணை. சமன்பாட்டை (x−12)(y−12) = 144 என்று மாற்றி, 144இன் வகுத்திகளை எண்ணினால் அரை நிமிட வேலை. அந்த வழியை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன்தான் நான். ஓடுகிற கடிகாரத்தின் முன்னால் அது நினைவுக்கு வரவில்லை.

விடையைத் தட்டச்சு செய்யும் வகைக் கேள்வி என்பதால் தவறுக்கு மதிப்பெண் குறையாது. ஆனால் 11 நிமிடம் என்பது ஆறு கேள்விகளுக்கான நேரம். பின்பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய சதவீதக் கணக்குகள் இரண்டு இருந்தன. அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

அவளோ என் மாணவியாகவே எழுதியிருந்தாள். 22இல் 19ஐத் தொட்டு, 7 சரி, 12 தவறு. தவறான பன்னிரண்டும் கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 21 வந்து 12 போக, மிஞ்சியது 9.

அதன்பிறகு ஆறு வாரம் நாங்கள் கணக்குப் போட்டது குறைவு, கணக்கைத் தள்ளிப் பழகியதே அதிகம். முதல் நான்கு நிமிடம் பேனாவைத் திறக்கக்கூடாது. எல்லாக் கேள்வியையும் மேலோட்டமாகப் படித்துவிடவேண்டும். எடுத்த கணக்கில் ஒன்றரை நிமிடத்துக்குள் வழி பிடிபடாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடவேண்டும். முதல் வாரம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சாப்பாட்டில் பாதியில் கையலம்பச் சொன்னதுபோல இருந்தது. ஆறாவது வாரம் பத்துக் கேள்விகளைத்தான் தொட்டாள். 9 சரி, 1 தவறு, 26 மதிப்பெண்.

அட்டவணை, வரைபடம் கொடுத்துக் கேள்வி கேட்கும் தரவு விளக்கப் பகுதியில் இது இன்னும் கடுமை. அங்கே கேள்விகள் கொத்துக் கொத்தாக வரும். தவறான கொத்தில் கால் வைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒரு பகுதியின் 40 நிமிடம் முடிந்தால் திரும்பிப் போகவும் முடியாது. ஆங்கில வாசிப்புப் பகுதிக்கு மட்டும் என்னிடம் குறுக்குவழி இல்லை. ஒன்றே கால் மணி நேர பஸ் பயணத்தில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தை அவள் படித்துத் தீர்த்ததுதான் கைகொடுத்தது.

நவம்பரில் எழுதினாள். எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இந்த ஆண்டு மறுபடி எழுதுகிறாள். ஆகவே இது வெற்றிக் கதை என்று உங்கள் அட்டையில் போட்டுவிடாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து, எந்தக் கேள்வியை எதற்காக விடலாம் என்று குறித்து, வரும் இதழ்களில் வெளியிடுங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ஆரணியிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கட்டுரையில் ‘99 சதவீத மதிப்பெண் பெற்றால்தான் ஐ.ஐ.எம்.’ என்று அச்சாகியிருக்கிறது. அது சதவீதம் அல்ல, பெர்சென்டைல். எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினோம் என்ற கணக்கு. மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டாதவர்கள் 99 பெர்சென்டைல் வாங்கிய ஆண்டுகள் உண்டு. என் மைத்துனர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, “நூற்றுக்கு ஒரு மதிப்பெண்தான் விடலாமாம், நீங்கள் பன்னிரண்டு கேள்வியை விடச் சொல்கிறீர்களே” என்று தறிக்குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். திருத்தம் வெளியிட்டால் அவருக்குக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.