இரண்டு மைலுக்குள் வசிக்கும் பிள்ளைகள்: கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் உள்ள நம் நகரியத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்தில் முன்பே கொடுத்துவிட்டேன். எங்கள் அடுக்ககத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. யாருக்குப் பள்ளிப் பேருந்து உண்டு, யாருக்கு இல்லை என்பது எப்படி முடிவாகிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்கிறேன்.

என் மகள் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளிக்கு மாறுவதால் பேருந்து எண்ணை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகஸ்டில் வந்த கடிதம், எங்கள் வீட்டில் இருந்து பள்ளிக்கு 1.9 மைல் என்றும், ஆகவே அவளுக்குத் தகுதி இல்லை என்றும் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது.

சட்டம் சொல்வதை நான் மறுக்கவில்லை. நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு வரை படிப்போர் பள்ளியில் இருந்து 2 மைலுக்கு அப்பாலும், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்போர் 2.5 மைலுக்கு அப்பாலும் வசித்தால் அவர்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் கடமை. வீட்டு வாசலில் இருந்து பள்ளியின் அருகிலுள்ள பொது நுழைவாயில் வரை, பொதுச் சாலை அல்லது பொது நடைபாதை வழியாக உள்ள மிகக் குறுகிய தூரத்தையே அளக்க வேண்டும் என்பதும் விதி. சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே வகுக்கப்படும் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து தேவை என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குத் தூரக் கணக்கே கிடையாது. வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் தாங்கள் முன்பு படித்த பள்ளிக்கே தொடர்ந்து சென்றுவரக் கூட்டரசின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. இவையெல்லாம் நியாயமானவை.

ஆனால் 2 மைல் என்பது மாவட்டம் கட்டாயம் செய்தாக வேண்டியதன் கீழெல்லை. அதற்கு உள்ளே இருப்பவர்களையும் மாவட்டம் தன் செலவில் ஏற்றிச் செல்லலாம். இங்கே எல்லோரும் ‘கர்டசி பஸ்ஸிங்’ என்று சொல்வது அதைத்தான். அப்படிப் பேருந்து விடும் மாவட்டம், அபாயமான பாதையில் நடந்தாக வேண்டிய பிள்ளைகளைப் பற்றி ஒரு கொள்கை வகுத்து, அந்தப் பாதைகளைப் பெயர் குறித்துப் பட்டியலிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. எவற்றைக் கருத்தில் கொள்ளலாம் என்பதையும் சட்டமே எடுத்துச் சொல்கிறது: போக்குவரத்தின் அளவு, வண்டிகளின் சராசரி வேகம், போதிய நடைபாதை உண்டா இல்லையா, எதிரே வருவது தெரியாத வளைவுகள், கடக்க வேண்டிய பாலங்கள், தண்டவாளங்கள், நெரிசலான சாலைகள். நகரிய அதிகாரிகளோடு கலந்தே இந்த அளவுகோல்களை முடிவு செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

நம் மாவட்டத்திடமும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அது கடைசியாகத் திருத்தப்பட்டது 2011இல் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது. என் மகள் நடக்கும் நான்கு வழிச் சாலை அதில் இல்லை. 2011இல் அந்தச் சாலையின் கிழக்குப் பக்கம் சோளக் கொல்லையாக இருந்ததாம். இன்று அங்கே வரிசையாகக் கிடங்குகள். பகலென்றும் இரவென்றும் இல்லாமல் கனரக லாரிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கின்றன.

செப்டம்பரில் இருந்து பெரும்பாலான நாட்கள் அவளோடு நானும் நடந்துபோகிறேன். பள்ளி 8 மணிக்குத் தொடங்குகிறது. பதினொரு வயதுப் பிள்ளை, முதுகில் புத்தகப்பை, கையில் வயலின் பெட்டி. முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7:20க்கு. நாங்கள் இறங்கும்போது சூரியன் உதித்திருக்காது. கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்கு முன்னால் நடைபாதை திடீரென்று முடிந்துவிடுகிறது. பட்டறையைத் தாண்டித்தான் மறுபடி தொடங்குகிறது. இடையில் இருப்பது, நடந்து நடந்து புல் தேய்ந்த ஒற்றையடித் தடம். பனி பெய்தால் அதுவும் இல்லை. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி பனியை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, என் மகளின் இடுப்புயரத்துக்குக் குவித்துவிடும். அப்போது அவள் நடக்க எஞ்சியிருக்கும் இடம் லாரி போகும் தடம்தான்.

பெரிய சந்திப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப இங்கே அனுமதி உண்டு. திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர் இடப்பக்கம் வண்டி வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளையோ அவருடைய வலப்பக்கத்தில், தனக்குரிய நடை விளக்கை நம்பி இறங்குவாள். அக்டோபரில் ஒரு காலை, ஒரு காரின் முன்பக்கம் அவளுடைய வயலின் பெட்டியை உரசி நின்றது. பெட்டியின் மூலையில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. ஓட்டுநர் கீழே இறங்கி மன்னிப்புக் கேட்டார். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். சாலை கடக்க உதவும் காவலர் ஆரம்பப் பள்ளியின் அருகே நிற்கிறார். இந்தச் சந்திப்பில் யாரும் இல்லை.

உங்கள் சிரமங்களை நான் அறியாமல் இல்லை. தூரத்தால் தகுதி பெறாத பிள்ளைகளுக்கு மாநிலத்தின் போக்குவரத்து நிதி வருவதில்லை. சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தச் சட்டம் பெரும்பாலும் இடம்கொடுப்பதில்லை. ஓட்டுநர்களும் எளிதில் கிடைப்பதில்லை. எல்லோருக்கும் பேருந்து கேட்டு நான் இதை எழுதவில்லை. மரநிழலும் நல்ல நடைபாதையும் உள்ள தெருக்களில் 1.9 மைல் நடப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பாதை அத்தகையது அல்ல.

சென்ற மாதக் கூட்டத்தில், தகுதி இல்லாதவர்கள் கட்டணம் செலுத்தி இருக்கை பெறும் திட்டத்தை ஆராய்வதாகச் சொன்னீர்கள். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அபாயமான பாதையில் நடக்கும் பிள்ளையின் பெற்றோர் வறுமையால் பணம் கட்ட இயலாதபோது அந்தப் பிள்ளையை விலக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாதையே பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படாது. ஆகவே கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பட்டியலைத் திருத்துங்கள்.

1947இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கும் இம்மாநிலத்தின் யூவிங் நகரியத்தில் இருந்தே போனது. சமயப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவைப் பொதுப்பணத்தில் திருப்பித் தரலாமா என்பது கேள்வி. தரலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. பிள்ளைகளைப் பத்திரமாகப் பள்ளிக்குக் கொண்டுசேர்ப்பதை, போக்குவரத்துக் காவலர் தரும் பாதுகாப்போடு ஒப்பிட்டே அந்தத் தீர்ப்பு பேசியது. நீங்கள் தகுதியை முடிவு செய்யும்போது, தூரத்தோடு பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

பட்டியலைத் திருத்தும் வேலையை நகரியக் காவல்துறையோடும் பொறியாளரோடும் சேர்ந்து இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். அது முடியும் வரை, எங்கள் அடுக்ககத்து வாசல் வழியாகத் தினமும் பாதி காலியாகப் போகும் பேருந்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரை ஏற்றிக்கொள்ள அனுமதியுங்கள். பாதையை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஜனவரியில் பள்ளி நடக்கும் எந்த நாளில் வேண்டுமானாலும் உங்களில் இருவராவது வாருங்கள். காலை 7:10க்கு எங்கள் வாசலில் இருந்து புறப்படுகிறோம். பனிக்கு ஏற்ற காலணி போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்