ஓர் அமைதியான இரவு கேட்டு நான்காவது மனு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை வரிசையில் நின்று மனு கொடுத்தவள் நான். ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஏரியும் அதன் கரையில் கல்யாணங்கள் நடக்கும் ரிசார்ட்டும் உங்களுக்குப் புதிதல்ல என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரைச்சல் பறவைகளை என்ன செய்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. அங்கே ஒலிப்பதிவுக் கருவி கட்டி வைத்திருக்கிறேன். சத்தமுள்ள இரவை ஒப்பிட அமைதியான இரவு ஒன்று வேண்டும். தை முழுக்க அது கிடைக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் பிறந்தநாள் விழா. “சத்தத்தைப் பத்தித்தானே படிக்கிறீங்க, நல்லதாப் போச்சே” என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார்.

போன வெள்ளி இரவு பதினொன்றே முக்காலுக்கு வாணவேடிக்கை. அதுவரை டிஜே இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாரைகள் முதல் வெடிக்கே மொத்தமாக எழும்பிவிட்டன. பதிவில் அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் குஞ்சுகளின் குரல் மட்டும்தான். விடிந்ததும் மரத்தடியில் ஐந்து குஞ்சுகளைப் பொறுக்கினேன். தாய்ப் பறவைகள் பதறி எழுந்தபோது தவறி விழுந்திருக்க வேண்டும். இரண்டுக்கு உயிர் இருந்தது. மதியத்துக்குள் அவையும் போய்விட்டன.

புகார் சொன்னால் எத்தனை டெசிபல் என்று கேட்கிறார்கள். என் கருவி பதிவு செய்யும், சான்றிதழ் தராது. அளக்க வேண்டிய மானியோ பழுது பார்க்கப் போயிருக்கிறதாம். ஐயா, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இதைப் பிடிக்க மானி எதற்கு? கடிகாரம் போதுமே.

நான் கேட்பது ஒன்றுதான்: ஏரியையும் கரையையும் அமைதி மண்டலமாக அறிவியுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் தவிர வேறு இடங்களையும் அப்படி அறிவிக்க விதிகளில் வழி இருக்கிறது. அறிவித்துவிட்டால் அங்கே வெடியும் வெடிக்க முடியாது.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எந்த டெசிபலையும் அளந்து பார்த்து முடிவு செய்யவில்லை. இங்கே ரிசார்ட்டின் விளம்பரப் பலகையில் நாரை, அறைகளுக்குப் பறவைப் பெயர், நாரை அறைக்கு வாடகையும் கூடுதல். பிப்ரவரி 2, உலக ஈரநில தினத்தை நாம் எப்படிக் கொண்டாடினோம்? ஏரிக்கரையில் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்த மைக்கில் நானும் பேசினேன்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பங்குனி வரை கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். வரும் ஞாயிறு அடுத்த முகூர்த்தம். அதற்கு முன் ஏரியை அமைதி மண்டலமாக அறிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இதற்கும் ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் இரவு தங்கும் ஆய்வு மாணவி