"அது எங்கே போகப்போகுது" என்கிற மருமகளுக்கு

அன்பின் மருமகளுக்கு,

நீ போன கிழமை வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கிடைத்தது. பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து, மழைத்துளி படிந்த கண்ணாடிக்கு ஊடாக எடுத்திருக்கிறாய். ஹேமார்க்கெட் தெரு, ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டர், அந்த வெள்ளை முகமூடி. கீழே ஒரு வரி: "மாமா, நீங்கள் சொல்லுற ஃபான்டம் ஒஃப் தி ஒபேரா இசைநாடகம் இங்கேதான் நடக்குது. ஒருநாள் போகவேணும்."

அந்த "ஒருநாள்" பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "ஓம் மாமா, ஓம் மாமா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதுதான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதிப் போடுகிறேன். உன் அம்மாவும் வாசிப்பாள், பிறகு நீ தப்ப முடியாது.

நீ லண்டனுக்குப் போய் ஐந்து வருடம். கிழமைக்கு ஐந்து நாள் அந்தத் தியேட்டரைக் கடந்து வேலைக்குப் போகிறாய். ஒருநாளும் உள்ளே போனதில்லை. கேட்டால், "அது 1986ஆம் ஆண்டில இருந்து ஓடுது மாமா, எங்கே போகப்போகுது?" என்கிறாய்.

நியூயோர்க்கில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கே தியேட்டர்கள் நிறைந்த பிரோட்வேயில் அதே ஃபான்டம் 1988 ஜனவரி 26 அன்று தொடங்கியது. முப்பத்தைந்து வருடம். பிரோட்வே வரலாற்றிலேயே அதைவிட நீண்ட நாள் ஓடியது வேறொன்றும் இல்லை. 2022 செப்டெம்பரில், அடுத்த பெப்ரவரியோடு நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், டிக்கெட் பறந்தது. சனத்தின் நெருக்கத்தைப் பார்த்து இன்னும் எட்டுக் கிழமை நீட்டினார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று, 13,981ஆவது காட்சியோடு திரை விழுந்தது. முப்பத்தைந்து வருடம் வாசலில் கிடந்ததை எட்டிப் பார்க்காத சனம், கதவு சாத்தப்போகிறார்கள் என்றதும் ஓடிவந்தது. உயிரோடு இருந்தபோது வீட்டுப் பக்கம் தலைவைக்காதவர்கள் சாவீட்டுக்கு வேன் பிடித்து வருவதை எங்கள் ஊரில் பார்த்திருப்பாயே, அந்த மாதிரி.

திருகோணமலையில் இருந்துகொண்டு மாமா எனக்கு லண்டன் தியேட்டர் கதை சொல்லுறார் என்று சிரிப்பாய். சிரி. பாடசாலை விட்டு வந்து வெக்கையில் நித்திரை வராமல் கிடக்கிற மத்தியானங்களில் வேறு என்னத்தை வாசிக்கிறது? பார்க்கக் கிடைக்காதவனுக்குத்தான் எது எப்போது முடிந்தது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

சரி, இவை ஏன் முடிகின்றன என்று முதலில் விளங்கிக்கொள். கூட்டம் வராததால் மட்டும் இல்லை. அங்கே நாடகத்தைப் போடுகிறவர் ஒருவர், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு தொகை எழுதி வைத்திருப்பார்கள். வசூல் தொடர்ந்து இரண்டு கிழமை அதற்குக் கீழே போனால், கட்டடக்காரர் "எழும்புங்கோ" என்று சொல்லலாம். வெளியே அடுத்த நாடகம் இடத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதும் எழும்ப வேண்டி வரும். 'பில்லி எலியட்' என்ற இசைநாடகம் லண்டன் விக்டோரியா பலஸ் தியேட்டரில் 2005 முதல் பதினொரு வருடம் ஓடியது. கட்டடத்தைத் திருத்த வேண்டும் என்று 2016 ஏப்ரலில் நிறுத்தினார்கள். திருத்தி முடித்து 2017 கடைசியில் திறந்தபோது அதே மேடையில் 'ஹமில்டன்' ஏறிவிட்டது. 'கட்ஸ்' லண்டனில் 1981 மே 11 அன்று தொடங்கியது. இருபத்தொரு வருடம் கழித்து அதே மே 11 அன்று, பிறந்தநாள் கொண்டாடி முடித்தது மாதிரி, நிறுத்தினார்கள்.

இன்னொன்று. பெயர் அதேதான் இருக்கும், உள்ளே இருப்பது மாறிவிடும். 'லே மிஸராப்ளே' 1985இல் இருந்து லண்டனில் ஓடுகிறது என்பாய். உண்மைதான். ஆனால் அதன் பழைய அரங்கு, நடுவில் சுழல்கிற அந்தப் பெரிய வட்டத் தட்டோடு, 2019 ஜூலையில் போய்விட்டது. இப்போது நடப்பது புதிதாகக் கட்டிய வடிவம். உன்னுடைய ஃபான்டத்திலும், கொவிட்டுக்கு முன் மேடைக்குக் கீழே வாத்தியம் வாசித்தவர்கள் இருபத்தேழு பேர். 2021இல் திரும்பத் திறந்தபோது பதினான்கு பேர். நீ இன்னும் ஒரு மூன்று வருடம் பஸ்ஸிலேயே போய்வா, எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பார்ப்போம்.

உனக்கு இது விளங்காததற்குக் காரணம் நீ இல்லை. வருடக்கணக்கில் ஓடுகிற நாடகம் ஆட்களைச் சோம்பேறியாக்கிவிடும். எங்களுக்கு அந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. இங்கே தமிழ் நாடகம் என்றால் பெரும்பாலும் ஒரு மேடையேற்றம், மிஞ்சிப் போனால் இரண்டு. தொடங்குகிற இரவுதான் முடிகிற இரவு.

உன் அம்மம்மாவின் ஊர் மூதூர்ப் பக்கம் என்று உனக்குத் தெரியும். அங்கே நான் சின்னப் பொடியனாக இருந்தபோது கூத்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். வேளாண்மை வெட்டி முடிந்ததும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், யார் யாருக்கு எந்த வேடம் என்று. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் மத்தளச் சத்தம்தான். அண்ணாவியார் ஒரு பழுத்த கொப்பியை மடியில் வைத்திருப்பார், ஆனால் திறந்து பார்க்க மாட்டார். எவனாவது தாளம் தப்பினால் வாயால் ஏச மாட்டார். மத்தளத்தில் ஒரே ஒரு அடி, காய்ந்த பனை மட்டை முறிகிற மாதிரி. ஆடுகிறவன் அப்படியே நின்றுவிடுவான். பகல் முழுக்க வயலில் நின்ற மனிதர்கள் இரவில் பிள்ளைகள் மாதிரிப் பயந்து நின்றதை நான் அங்கேதான் பார்த்தேன். பிறகு சதங்கை கட்டுவார்கள், அதற்கும் பிறகு அரங்கேற்றம். வட்டக்களரி கட்டி, நாலு பக்கமும் சனம் இருந்து, விடிய விடிய ஒரே இரவு. கச்சான் கோதுக்கு மேலே படுத்து நித்திரை கொண்டு, மத்தளம் உச்சத்துக்குப் போகும்போது எழும்பி, திரும்பப் படுத்து.

அந்த ஊர் 2006இல் இடம்பெயர்ந்தது. அண்ணாவியார் ஒரு நலன்புரி முகாமில் இறந்துபோனார். கொப்பி எங்கே போனது என்று அவருடைய மகனுக்கும் தெரியாது. நான் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பாதி நித்திரையில் பார்த்ததுதான் எனக்கு மிச்சம்.

நித்திரை என்றதும் இன்னொன்று. இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

1982. எனக்குப் பதின்மூன்று வயது. பாடசாலை விடுமுறைக்கு வலிகாமத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கோவில் திருவிழாவில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் போதும், அயலூர்ச் சனமெல்லாம் பாயோடு வந்து இடம் பிடிக்கும். நானும் பாயோடு போனேன். சின்ன மேளம், பாட்டுக்கச்சேரி எல்லாம் முடிந்து நாடகம் தொடங்கும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. "வைரமுத்து வரேக்குள்ள எழுப்புங்கோ" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எழும்பும்போது பந்தலில் குழல் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். வானம் வெளுத்திருந்தது. எழுப்பினோம், நீதான் எழும்பவில்லை என்றார் பெரியம்மா. நான் அழுதேன். "ஏன் அழுறாய், அடுத்த திருவிழாவுக்கும் அவர்தானே வருவார்" என்று சொல்லி ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

அடுத்த திருவிழாவுக்கு முன் 83 ஜூலை வந்தது. அதற்குப் பிறகு திருகோணமலையில் இருந்து ஒரு பொடியனை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் அனுப்பும் துணிவு யாருக்கு இருந்தது? 1989இல் அவர் காலமானார். பிறகு கசெற்றில் அவர் குரலைக் கேட்டிருக்கிறேன், எத்தனையோ தடவை. குரல் முழுக்க இருக்கிறது. சுடலையில் அவர் எப்படி நின்றார், சந்திரமதியை அடையாளம் கண்டபோது முகம் என்ன ஆனது என்பது கசெற்றில் இல்லை. பார்த்தவர்களைக் கேட்டால், "அதைச் சொல்லேலாது தம்பி" என்கிறார்கள். அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் திருந்தினேன். 'மனமே' என்ற சிங்கள நாடகம் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். சரச்சந்திர எழுதி, 1956 நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. அதன் வடிவம் நாடகம என்கிற பழைய சிங்களப் பாட்டு நாடகத்தில் இருந்து வந்தது. நாடகமவின் வேரோ எங்கள் கூத்தில் இருக்கிறது. அந்த அலையில்தான் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் எங்கள் கூத்தை எடுத்துச் சுருக்கிச் செப்பனிட்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் போட்டார். இராவணேசனில் மௌனகுரு இராவணனாக ஆடியது 1964இல், நான் பிறக்க முதல். அதைத் தவறவிட்டதற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் மனமே திரும்பப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, இரவு ரயிலேறிவிட்டேன். கடைசி வரிசை. எனக்கு முன்னால் ஒரு உயரமான மனிதர். என் சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம், பாட்டில் பாதி விளங்கவில்லை. வேடராசனுக்கும் இளவரசனுக்கும் நடுவில் இளவரசனின் மனைவி வாளோடு நின்ற கணத்தில் மண்டபமே மூச்சை அடக்கியது. அதற்கு மொழி தேவைப்படவில்லை. அடுத்த நாள் இரவு ரயிலில் திரும்பி, குளித்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். உன் மாமி இரண்டு நாள் கதைக்கவில்லை.

நீ ரயிலேற வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும்.

காசைப் பற்றிச் சொல்வாய், தெரியும். வாங்கிச் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒரு கிழமை குறைத்தால் சரிவரும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். லெஸ்டர் ஸ்குவெயரில் டிகேடிஎஸ் என்று ஒரு கூடம் இருக்கிறதாமே, அன்றன்றைக்கு மிஞ்சும் டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்கிறதாம். சில தியேட்டர்கள் காலையில் அன்றைய இருக்கை சிலவற்றை மலிவாக விடுகின்றன. போனிலேயே குலுக்கல் போடுகிறவர்களும் உண்டு. தூண் மறைக்கிற இருக்கை இன்னும் மலிவு. கழுத்தை வளைத்துப் பார்க்க உனக்கென்ன, வயதா போய்விட்டது? சனி இரவை விட்டுவிட்டு நடுக்கிழமைப் பகல் காட்சிக்குப் போ, ஒரு அரைநாள் லீவு எடு. புதிய நாடகம் என்றால் விமர்சகர்கள் வர முந்திய முன்னோட்டக் காட்சிகளில் விலை குறைவாக இருக்கும். பிழை இருக்கும்தான், ஆனால் அந்தப் பிழையை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

இணையத்தில் "இன்ன மாதம் வரை முன்பதிவு" என்று போட்டிருந்தால் அதுதான் முடிகிற நாள் என்று பயந்துவிடாதே. அதுவரைக்கும் டிக்கெட் விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓடினால் நீட்டுவார்கள். "கடைசிக் கிழமைகள்" என்று போட்டால்தான் அவசரம். பேர்போன நடிகர் ஒருவர் மூன்று நான்கு மாதத்துக்கு மட்டும் நடிக்கிற நாடகங்கள்தான் எல்லாவற்றிலும் மோசம், கண்ணை மூடித் திறக்க முடிந்துவிடும். அவற்றை முதலில் பார். ஃபான்டத்தைவிட முதலில் என்றாலும் எனக்குக் கோபமில்லை.

ஒன்று மட்டும், கடைசி இரவுக்குப் போகாதே. அன்றைக்கு வருகிறவர்கள் இருபது தடவை பார்த்தவர்கள். நடிகர் வாயைத் திறக்க முதல் கைதட்டுவார்கள், பாட்டுக்குப் பாட்டு அழுவார்கள். முதல் தடவை பார்க்கிற உனக்கு அது வேறு யாருடையவோ கலியாண வீடு மாதிரி இருக்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போ.

போனால் எனக்கு வீடியோ எடுத்து அனுப்பாதே. விடவும் மாட்டார்கள், எனக்கு வேண்டவும் வேண்டாம். வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ள முதல் ஒரு குரல்பதிவு போடு. நாடகத்தில் விழுகிற அந்தப் பெரிய சரவிளக்கு எந்தப் பக்கத்தால் வந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார், உனக்கு எந்த இடத்தில் அலுத்தது. அலுத்தால் அலுத்தது என்று சொல்.

இங்கே இந்தச் சனிக்கிழமை உவர்மலைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம். பொடியன்கள் தாங்களே எழுதியது. ஒரே ஒரு மேடையேற்றம். நோட்டீஸில் ஆறு மணி என்று போட்டிருக்கிறார்கள், ஏழரைக்கு முதல் தொடங்காது, ஒலிவாங்கி கட்டாயம் கரகரக்கும். நான் ஐந்தேமுக்காலுக்கே போய் இருக்கப் போகிறேன். பிளாஸ்கில் தேத்தண்ணி போட்டுத் தரச் சொல்லி உன் மாமியிடம் இப்போதே சொல்லிவிட்டேன், நித்திரை வரக்கூடாது.

அன்புடன்,
மாமா
திருகோணமலை