ராஜா வாழ்க என்று தொடங்கிய கலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னமெரிக்க விடுதலைப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு இடத்தில் மனசு ஒப்பவில்லை. ஸ்பெயினின் முந்நூறு வருஷ ஆட்சியைத் தூக்கியெறிய 1810இல் மக்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள், வெனிசுலாவின் தளபதி பொலிவார் முன்னால் நின்று நடத்தினார் என்ற மாதிரி கட்டுரை போகிறது. நானும் பல வருஷம் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

ஒருநாள் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “சார், இவங்க எல்லாம் முதல்ல ராஜா வாழ்கன்னுதானே சத்தியம் பண்ணியிருக்காங்க? அப்புறம் எப்படி சார் அந்த ராஜாவோடயே சண்டை?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தென்னமெரிக்காவில் தொடங்கவில்லை, ஸ்பெயினில் தொடங்குகிறது. 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டைச் சிறைப்பிடித்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்கார வைத்தான். காலனிகளில் இருந்தவர்களுக்கு அப்போது வந்த கேள்வி ஒன்றுதான். மன்னரே இல்லாதபோது நாம் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? ஸ்பெயினில் ஊருக்கு ஊர் சபை அமைத்துக்கொண்டார்கள். அங்கே செல்லுமென்றால் இங்கேயும் செல்ல வேண்டும்தானே?

வெனிசுலாவின் கராகஸ் நகரில் 1810 ஏப்ரல் 19ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். அன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். ஸ்பெயின் அனுப்பிய ஆளுநர் எம்பாரான் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை வழிமறித்து நகரசபைக்குத் திரும்ப அழைத்துவந்தார்கள். உள்ளே வாக்குவாதம் முற்றியதும், மக்களிடமே கேட்டுவிடுகிறேன் என்று அவர் பால்கனிக்கு வந்தார். “நான் உங்களை ஆள வேண்டுமா?” என்று கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அவருக்குப் பின்னால் மதரியாகா என்ற பாதிரியார் நின்றுகொண்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள் எனக் கூட்டத்துக்குக் கையால் சைகை காட்டினார். கூட்டம் “வேண்டாம்” என்று கத்தியது. “அப்படியானால் எனக்கும் இந்த ஆட்சி வேண்டாம்” என்று சொல்லி எம்பாரான் இறங்கிவிட்டார். சில நாளில் அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

அன்று ஆட்சியைக் கையில் எடுத்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், ‘ஏழாம் ஃபெர்டினாண்டின் உரிமைகளைக் காக்கும் உயர் சபை’. அடுத்த மாதம் இன்றைய அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் அமைந்த சபையும் அதே மன்னரின் பெயரில்தான் உறுதிமொழி எடுத்தது. அவர்களில் சிலர் மனசுக்குள் அப்போதே விடுதலையை நினைத்திருக்கலாம். ஆனால் வெளியே சொல்ல முடிந்தது ராஜ விசுவாசம் மட்டுமே. இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. 1885இல் தொடங்கிய நம் காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் வேண்டும் என்று லாகூரில் தீர்மானம் போட 1929 டிசம்பர் வரை ஆயிற்று.

சரி, இவர்கள் யார்? அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தார். கிரியோயோ என்று பெயர். கராகஸில் கொக்கோ தோட்டங்களும் அடிமைகளும் இவர்களுக்குச் சொந்தம். பொலிவார் குடும்பமும் இதில் ஒன்று. பெரிய பதவிகள் ஸ்பெயினிலிருந்து வந்திறங்குகிறவர்களுக்கே போகின்றன, வியாபாரத்தை ஸ்பெயினின் கட்டுக்குள்தான் நடத்த வேண்டியிருக்கிறது என்பது இவர்களின் குறை. அது நியாயமான குறைதான். ஆனால் இன்னொரு குறையும் இருந்தது. அதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 1795இல் ஸ்பெயின் மன்னர் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார். கறுப்பு வம்சக் கலப்புள்ள ஒருவர் பணம் கட்டி, வெள்ளையருக்கு உரிய தகுதிகளைப் பெறலாம் என்று அதில் இருந்தது. கராகஸ் நகரசபை கொதித்துப் போய் மன்னருக்கு எதிர்ப்பு எழுதி அனுப்பியது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டவர்கள், கீழே இருப்பவனுக்கு அதைக் கொடுக்க மறுத்தார்கள். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த பத்து வருஷப் போர் புரியவே புரியாது என்று நான் நினைக்கிறேன்.

விசுவாசமாக இருக்கிறோம் என்று சொன்னவர்களை ஸ்பெயினில் நெப்போலியனுக்கு அடங்காமல் மிச்சமிருந்த அரசு நம்பவில்லை. ஆகஸ்ட் மாதமே வெனிசுலாக் கரையை முற்றுகையிட உத்தரவு போட்டது. பேசித் தீர்க்கிற வழி அடைபட்டதும், 1811 ஜூலை 5ஆம் தேதி கராகஸ் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அந்த வருஷம் எழுதிய அரசியல் சட்டத்தில் நிறப் பாகுபாட்டை நீக்கினார்கள். ஆனால் ஓட்டுரிமைக்குச் சொத்து வேண்டும் என்று வைத்தார்கள். அடிமை அடிமையாகவே இருந்தான். அப்புறம் 1812 மார்ச் 26. பெரிய நிலநடுக்கம். அன்றும் பெரிய வியாழன்! மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீறியதற்கு ஆண்டவன் தந்த தண்டனை என்று பாதிரிமார் பலர் பிரசங்கம் செய்தார்கள். மன்னர் பக்கம் நின்ற கோரோ, மராகைபோ நகரங்கள் பெரிய சேதமில்லாமல் தப்பியது அந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது. நான்கு மாதத்தில் வெனிசுலாவின் முதல் குடியரசு மன்னர் படையிடம் விழுந்தது.

பொலிவார் மீண்டும் எழுப்பிய இரண்டாவது குடியரசை 1814இல் சாய்த்தது ஸ்பெயினிலிருந்து வந்த படை அல்ல. தெற்கே புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள், தப்பியோடிய அடிமைகள், கலப்பு வம்சத்து ஏழைகள்தான் அதைச் சாய்த்தார்கள். போவெஸ் என்ற ஸ்பானியன் பின்னால் குதிரையேறி வந்தார்கள். தோட்டக்காரர்களின் சொத்து உங்களுக்கே என்றான் அவன். அவர்களுக்கு மன்னர் தூரத்தில் இருந்தார். சவுக்கு பிடித்த முதலாளி பக்கத்தில் இருந்தான். அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே வருஷம் சிறையிலிருந்து திரும்பிய ஃபெர்டினாண்ட் என்ன செய்தார்? தான் இல்லாத காலத்தில் ஸ்பெயினின் காதிஸ் நகரில் எழுதிய அரசியல் சட்டத்தைக் கிழித்துப் போட்டார். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் உள்ள ஸ்பானியர் அனைவரும் ஒரே தேசம் என்று அறிவித்த சட்டம் அது. 1815இல் மொரில்லோ தலைமையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையை அனுப்பினார். அடுத்த வருஷம் இன்றைய கொலம்பியாவின் போகோட்டாவில் விடுதலைப் பக்கம் நின்றவர்களை வரிசையாகக் கொன்றார்கள். கால்டாஸ் என்ற விஞ்ஞானியும் அதில் செத்தார். மன்னர் பெயரால் சபை அமைத்தவர்களை மன்னரின் படையே சுட்டுக் கொன்றது. என் மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நடுவில் நிற்க இடமே இல்லாமல் போன பிறகுதான் பலர் விடுதலைப் பக்கம் வந்தார்கள்.

பொலிவார் தோற்றுப்போய் கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டியில் அடைக்கலம் புகுந்தார். அடிமைகள் தாங்களே போராடி 1804இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. அதன் தென்பகுதியை ஆண்ட பெத்தியோன் துப்பாக்கியும் வெடிமருந்தும் கொடுத்தார். கேட்ட விலை ஒன்றுதான்: நீங்கள் விடுவிக்கும் மண்ணில் அடிமைகளை விடுவியுங்கள். 1816 ஜூனில் வெனிசுலாவின் கரூப்பானோவில் இறங்கியதும், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று பொலிவார் அறிவித்தார். போவெஸ் இறந்த பின் அந்தக் குதிரைக்காரர்கள் பலர் பாயெஸ் என்ற தலைவன் பின்னால் விடுதலைப் பக்கம் வந்தார்கள். படைவீரர்களுக்கு நிலம் தரப்படும் என்று 1817இல் சட்டம் வந்தது. போர் திரும்பியது இதற்குப் பிறகுதான். 1819இல் கொலம்பியாவின் பொயாகா, 1821இல் வெனிசுலாவின் கரபோபோ என்று போர்க்கள வெற்றிகள் வந்தன. நடுவில் 1820இல், அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஸ்பானியப் படையே தன் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்ததையும் சொல்ல வேண்டும்.

கடைசிப் பெரிய போர் 1824 டிசம்பர் 9ஆம் தேதி பெருவின் அயகுச்சோவில் நடந்தது. மன்னர் பக்கம் நின்று செத்த சிப்பாய்களிலும் பெரும்பாலானோர் அந்த மலைநாட்டுப் பழங்குடிகளே. அவர்கள் கட்டிவந்த தலைவரியைப் புதிய பெரு அரசு இரண்டே வருஷத்தில் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. வெனிசுலாவில் சிப்பாய்களுக்குக் கொடுத்த நிலச் சீட்டுகளை அதிகாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். பாயெஸ் பெரிய பண்ணையாரானார். அடிமை முறை அங்கே முழுசாக ஒழிந்தது 1854இல்தான்.

தொடரின் அடுத்த பகுதி மெக்சிகோ பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஹெய்ட்டிக்கு ஒரு பகுதி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விடுதலை பெற்ற நாடுகள் 1826இல் பனாமாவில் கூடியபோது ஹெய்ட்டிக்கு அழைப்பு அனுப்பவில்லை. உங்கள் கட்டுரையிலும் அதன் பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்